மூச்சுக்கு ஒரு பதிவேடு

என் அலமாரியில், பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்தில், நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதியே பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தது. அதனால் என் மூச்சுக்கே ஒரு பதிவேடு போட்டேன். தேதி, இரவில் எத்தனை தடவை விழித்தேன், நீல நிற பம்ப் எத்தனை தடவை அடித்தேன், பீக் ஃப்ளோ மீட்டர் காட்டிய அளவு, ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்பத்திரி, கடைசியில் 'குறிப்பு'. மொத்தம் ஏழு கலம்.

சென்ற பதிவில் போகிற போக்கில் என் இளைப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் போன் செய்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "சார், இந்த ரத்தப் பரிசோதனையில வர்ற நம்பரையெல்லாம் நம்பலாமா?" ஒரு காலத்தில் அந்த நம்பரைத் தப்பாகப் படித்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தையே நிறுத்தப் போனவன் நான். அந்தக் கதையைச் சொல்வதுதான் சரியான பதில்.

எனக்கு இளைப்பு வந்தது ஆறு வயதில், புதுச்சேரியில். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் என் நோய்க்குப் பெயர் 'அஸ்ம்'. வீட்டில் ஆயாவுக்கு அது 'ஈளை இழுப்பு'. தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம் எல்லாம் நடக்கும். ரொம்ப முடியாத இரவுகளில் காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை காட்டுவார். இந்த ஊமத்தைப் புகை வைத்தியம் 1802 வாக்கில் ஜெண்ட் என்ற ராணுவத் தளபதி மூலம் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்கே போனது என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். ஊமத்தை விஷம். யாரும் வீட்டில் செய்து பார்த்துவிடாதீர்கள்.

எங்களுக்கு அறிவியல் எடுத்த முசே, நான் வகுப்பில் இரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், துரூஸோ என்ற பாரிஸ் டாக்டரின் கதையைச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் பெரும் புகழ் பெற்ற மருத்துவர் அவர். அவருக்கே ஆஸ்துமா உண்டு. வண்டிக்காரன் குதிரைக்கு வாங்கிய ஓட்ஸைத் திருடுகிறான் என்று சந்தேகப்பட்டு, தானே பரணில் ஏறி நின்று அளக்கச் சொன்னாராம். தூசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். வாழ்க்கையிலேயே அவருக்கு வந்த மிகக் கடுமையான இழுப்பு அங்கேதான் வந்தது. "ஆகவே, பிறரைச் சந்தேகப்படாதே" என்று முசே முடித்தார். நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: அவ்வளவு பெரிய டாக்டருக்கே வரும் என்றால் எனக்கு வருவதில் வெட்கமில்லை.

அன்றைக்கு மருந்து வேலை செய்ததா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் இருந்தது. காலையில் ஆயா அம்மாவைக் கேட்பார்: "புள்ள ராத்திரி தூங்குச்சா?"

பிரெஞ்சு படித்தவனுக்கு அப்புறம் வேலை எங்கே? தமிழையும் ஆங்கிலத்தையும் திரும்பப் படித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, 1976-ல் இளநிலை உதவியாளராகத் திருத்தணிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம். அதற்கு முன், 1960 ஏப்ரல் 1 வரை, ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். அதனால் எங்கள் ரிக்கார்டு ரூமில் பழைய கட்டுகள் பல தெலுங்கில் இருந்தன. தெலுங்கு தெரியாத என்னைத்தான் அவற்றை அடுக்கச் சொன்னார்கள். சிவப்புத் துணியை அவிழ்த்தாலே தும்மல் ஆரம்பிக்கும். இருபது, முப்பது தும்மல். சாயங்காலம் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம்.

என் வயதுக்காரர்களுக்கு 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் தும்மினாலும் இருமினாலும் ஈஸ்னோபீலியாதான். ஈஸ்னோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 1879-ல் பால் எர்லிக் வைத்த பெயர். ரத்தத்தில் அது கூடினால் ஹெட்ராசான் மாத்திரை கொடுப்பார்கள். தெரு முனையில் எல்லோரும் அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தோம்.

இதன் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் இருக்கிறதல்லவா, அங்கிருந்த ஃப்ரிமோட்-மோல்லர் என்ற டேனிஷ் டாக்டரும் பார்ட்டன் என்பவரும் 1940-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய் போலவே தோன்றும், ஆனால் காசநோய் அல்லாத, ரத்தத்தில் ஈஸ்னோஃபில் மிகுந்த ஒரு நோய் என்று. அன்றைக்கு மதனப்பள்ளியும் திருத்தணியும் ஒரே சித்தூர் மாவட்டம். 1943-ல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு 'டிராபிகல் ஈஸ்னோபீலியா' என்று பெயர் வைத்தார். யானைக்கால் கிருமிக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பு அது என்று பிறகுதான் தெளிவானது. அதற்கான மருந்தாகிய ஹெட்ராசானை அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1987-ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், இந்த நோயாளிகளின் நுரையீரலை உப்பு நீரால் கழுவி எடுத்து எண்ணினார்கள். மருந்து கொடுத்த இரண்டு வாரத்துக்குள் அந்த அணுக்கள் மளமளவென்று குறைந்திருந்தன.

பயோமார்க்கர் என்று இன்று பெரிய சொல்லாகச் சொல்கிறார்களே, விஷயம் இதுதான். உடம்புக்குள் நடப்பதை வெளியே காட்டும் ஓர் அடையாளம். மருந்துக்கு முன் எண்ணு, மருந்துக்குப் பின் எண்ணு.

என் விஷயத்தில் ஹெட்ராசான் பலிக்கவில்லை. அந்த நோயில் ஈஸ்னோஃபில் பெரும்பாலும் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். எனக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு ஆறு நூறு, ஏழு நூறு. எனக்கு இருந்தது அலர்ஜி ஆஸ்துமா. ஒரே அணு கூடுகிறது, காரணம் வேறு. இதை ஒரு டாக்டர் எனக்குப் புரியவைக்க இன்னும் பல வருஷங்கள் ஆயின.

2009-ல் ஓய்வு. கட்டுகளின் தூசி போனது, இளைப்பு போகவில்லை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு மாத்திரை. அந்த மாத்திரை உயிரைக் காப்பாற்றும், கூடவே வாடகையும் வசூலிக்கும். எனக்குச் சர்க்கரை ஏறியது, இடது கண்ணில் புரை விழுந்தது, முகம் பூசணிக்காய் மாதிரி ஆனது. முருகன் மலையின் 365 படியை வருஷா வருஷம் ஏறியவன், சரவணப் பொய்கைக் கரையில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

2018-ல் மகள் சென்னையில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் முதலில் ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொன்னார். பத்து விநாடி, ஒரே சீராக ஊத வேண்டும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அது காட்டும். மூச்சுக்குழாய் அலர்ஜியால் வீங்கியிருந்தால் அந்த வாயு அதிகமாகும். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே என்றால் குறைவு, 50-க்கு மேலே என்றால் அதிகம். எனக்கு 82.

"ஐயா, ஸ்டீராய்டு இன்ஹேலரை தினமும் ரெண்டு வேளை எடுக்கறீங்களா?"

"எடுக்கிறேன் டாக்டர்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒழுங்கா எடுக்கிறவங்களுக்கு இவ்வளவு வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா முக்கால்வாசி பேருக்குக் குறைஞ்சிடும். ஒரு மாசம் விடாம எடுத்துட்டு வாங்க, திரும்ப ஊதிப் பார்ப்போம்."

உண்மையில் நான் நன்றாக இருக்கும் நாட்களில் இன்ஹேலரைத் தொடுவதில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைப்பு. வாய் பொய் சொன்னது, மூச்சு சாட்சி சொல்லிவிட்டது. ஒரு மாதம் ஒழுங்காக எடுத்தேன். 82 என்பது 44 ஆனது. இந்த நீல நோட்டு ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான்.

ரத்தத்தில் ஈஸ்னோஃபிலும் பார்த்தார்கள். அதிலும் எனக்கு ஒரு பாடம். முதல் தடவை 40 என்று வந்தது. பூரித்துப் போனேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றார். ஆமாம், ஒரு வாரம். "அப்ப இது மாத்திரை போட்ட கையெழுத்து, உங்க கையெழுத்து இல்லை." அந்த மாத்திரை ஈஸ்னோஃபிலைத் தற்காலிகமாக அடக்கி வைத்துவிடும். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது 640. அந்த அணு காலையில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். நம் ஊரில் குடல் புழுவாலும் அது ஏறும் என்று மலப் பரிசோதனையும் செய்தார்.

இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அந்த வருஷம் இன்னும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தேன். தோலில் குத்திப் பார்த்ததில் வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் அலர்ஜி. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் 240. இந்த ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்டது 1960-களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், ஸ்வீடனில் ஜோஹன்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டார்கள். அலர்ஜிக்காரர்களின் உடம்பில் மணியடிக்கும் ஆள் அது. அந்த ஆளைப் பிடித்துக் கட்டிப்போடும் ஊசிதான் ஓமாலிசுமாப். 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் எடையையும் ஐஜிஇ அளவையும் வைத்து ஒரு பட்டியல் இருக்கிறது. 57 கிலோ, 240 என்ற கணக்குக்கு எனக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லிகிராம்.

விலையைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். என் மாதப் பென்ஷனை அப்படியே விழுங்கும் தொகை. மகள், "நீங்க உட்காருங்கப்பா" என்றாள். அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் ஊசி ஆரம்பித்தது.

ஊசி போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அரிதாகச் சிலருக்குத் திடீர் அலர்ஜி அதிர்ச்சி வரலாமாம். அதற்கு 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தவர் ஷார்ல் ரிஷே. 1913-ல் நோபல் பரிசு வாங்கியவர். பள்ளிக்கூடத்தில் அவர் பெயரை மனப்பாடம் செய்தேன். அந்தப் பெயருக்காக ஐம்பது வருஷம் கழித்துச் சென்னையில் காத்திருப்பேன் என்று நினைக்கவில்லை.

நான்கு மாதம் ஆனது. எனக்குள் ஒரே அரிப்பு: இவ்வளவு பணம் போகிறதே, வேலை செய்கிறதா? யாரிடமும் சொல்லாமல், பரிசோதனை நிலையம் ஒன்றில் நானே பணம் கட்டி ஐஜிஇ எடுத்தேன். 910.

240 இருந்தது 910. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மகளின் பணம் சாக்கடையில் போகிறது என்றே தோன்றியது. இதில் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பலிக்கவில்லை என்று சொல்லி நிறுத்தினால் அவளுக்குச் சுமை குறையும் அல்லவா? போன் செய்து, "அடுத்த ஊசி வேண்டாம்மா, ஏறிப்போச்சு" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு நிறுத்துங்கப்பா. அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ரெவின்யூவில இருந்தவர்தானே? ஒருத்தரை சஸ்பெண்ட் பண்ணா, அவர் பேர் ஊழியர் பதிவேட்டுல இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்."

"வேலை பார்ப்பாரா?"

"பார்க்க மாட்டார்."

"அதேதான். ஊசி மருந்து போய் ஐஜிஇயைப் பிடிச்சுக்குது. பிடிபட்டது சீக்கிரம் கழியாது, ரத்தத்திலேயே சுத்திக்கிட்டிருக்கும். லேப் மெஷின் வேலை பார்க்கிறவர், சஸ்பெண்ட் ஆனவர் எல்லாரையும் சேர்த்துத் தலையை எண்ணிடும். அதனால மொத்தம் ஏறத்தான் செய்யும். கட்டுப்படாம சும்மா திரியறது இப்ப ரொம்பக் கம்மி."

ஊசியை நிறுத்தினாலும் அந்த மொத்த எண் ஒரு வருஷம் வரை உயர்ந்தே இருக்கலாமாம். ஆகவே ஊசி ஆரம்பித்த பிறகு மொத்த ஐஜிஇயை வைத்து மருந்து பலித்ததா என்று பார்க்கவும் கூடாது, அளவை மாற்றவும் கூடாது. பதினாறு வாரம் ஆனதும் நோயாளியின் நிலையைப் பார்த்துத்தான் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

பிறகு அவர் என் நோட்டை வாங்கி, விரலை வைத்துக் கலம் கலமாகக் கூட்டினார். முந்தைய நான்கு மாதத்தில் 61 இரவு விழிப்பு, இந்த நான்கு மாதத்தில் 14. ஸ்டீராய்டு மாத்திரை 26 நாள், இப்போது 5 நாள். ஆஸ்பத்திரி ஒன்று, இப்போது இல்லை. ஊதும் கருவியில் 44 இருந்தது 31. ஈஸ்னோஃபில் 640 இருந்தது 380. "எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டுது ஐயா. ஒரு சீட்டை மட்டும் பார்த்து ஃபைலை மூடுவீங்களா?" என்றார். முப்பது வருஷம் நான் பிறருக்குச் சொன்ன வாக்கியம் அது.

இந்த எண்களை வைத்து மருத்துவம் பார்ப்பதன் அருமை, பின்னர் படித்தபோது இன்னும் விளங்கியது. 2002-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 74 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் அறிகுறியைப் பார்த்து மருந்து. இன்னொரு பிரிவுக்குச் சளியில் ஈஸ்னோஃபிலை எண்ணி மருந்து. ஒரு வருஷத்தில் முதல் பிரிவில் கடுமையான இழுப்பு 109 தடவை, எண்ணிப் பார்த்த பிரிவில் 35. இன்னொன்று, மெபோலிசுமாப் என்ற ஊசி. ஈஸ்னோஃபிலைக் குறைக்கும் அந்த மருந்தை முதலில் எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, பயனில்லை என்று ஒதுக்கும் நிலைக்கு வந்தார்கள். பிறகு ஈஸ்னோஃபில் மிகுந்தவர்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தபோது, 2009-ல், இழுப்பு நன்றாகக் குறைந்தது. மருந்து அதே மருந்து. மனு சரியான மேஜைக்குப் போகாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று சொல்ல வேண்டும். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். அவருக்கும் ஆஸ்துமா, ஆனால் மூச்சுக்குழாயில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு அலர்ஜி. நம் நாட்டில் இது குறைவான நோய் அல்ல. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் இதில் உலகத்துக்கே வழிகாட்டும் நெறிகளை எழுதியதில் முன்நின்றவர்கள். இந்த நோயில் மொத்த ஐஜிஇதான் முக்கிய அளவுகோல். சிகிச்சை தொடங்கி எட்டு வாரத்தில் அது குறைந்தது 20, 25 சதவீதமாவது இறங்கினால் மருந்து பலிக்கிறது என்று பொருள். நண்பருக்கு 4,200 இருந்தது 2,300 ஆனது. "இன்னும் ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கே" என்று அவர் அழாத குறை. அவருடைய டாக்டரோ, ரொம்ப நல்லது என்றாராம். சாதாரண அளவுக்கு இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அவரவருக்கென்று ஒரு அடிமட்டம் நிலைபெறும், அதிலிருந்து ஒன்றரை மடங்காக ஏறி உபத்திரவமும் கூடினால்தான் நோய் திரும்புகிறது என்று கணக்கு.

எனக்கு ஏறியதும் நல்லது, அவருக்கு ஆயிரக்கணக்கில் நின்றதும் நல்லது. ஒரே எண், இரண்டு ஃபைல்.

2020 தை மாதம் மலை ஏறினேன். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மகள் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். நோட்டின் 'குறிப்பு' கலத்தில் '365' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சென்னைக்குப் போக வழியில்லை, இரண்டு தவணை ஊசி தவறியது. எட்டாவது வாரத்தில் இரவு விழிப்பு திரும்ப ஆரம்பித்ததை நோட்டு காட்டுகிறது: 1, 2, 2, 4. ஊசி திரும்பக் கிடைத்த பிறகு சில வாரங்களில் பூஜ்யங்கள் வந்தன. எந்த லேப் சீட்டும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதை நாமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. போன கண்புரையும் வந்த சர்க்கரையும் திரும்பிப் போகவில்லை. மகளின் சுமையும் முழுக்க இறங்கவில்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

போன் செய்த மூவருக்கும் சொல்வது இதுதான். நான் குமாஸ்தா, டாக்டர் இல்லை. நம்பரை நம்புங்கள். ஆனால் எந்த நோய்க்கு, எந்த மருந்து நடக்கும்போது, எந்த வேளையில் எடுத்த நம்பர் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். தனியாக எடுத்த சீட்டைத் தனியாகப் படிக்காதீர்கள். ஐந்து ரூபாய் பேனாவும் ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கலத்தில் ஆயா கேட்ட கேள்வியையே எழுதுங்கள்: ராத்திரி தூங்கினேனா?

நாளை மறுநாள் எனக்கு ஊசி நாள். நோட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.